தண்ணீருக்குள் கிரேஸ் மார்க் கிடையாது

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சேர்த்து, முப்பத்திரண்டு என்ற எண்ணுக்காகப் பெருமைப்பட்ட ஒரே மனிதன் அவன்தான். மற்றப் பிள்ளைகள் அந்த எண்ணை வாங்கினால் அப்பா கண்ணில் படாமல் பரணில் ஒளித்து வைப்பார்கள். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், முப்பத்திரண்டு எடுத்தால் ஃபெயில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கே இது தெரியும். அவனோ அதைச் சிலிண்டரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வழியாகத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனான்.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்துக்கு அவன் 'முப்பத்திரெண்டு'. "ஏலே, முப்பத்திரெண்டுக்கு டீ போடு" என்று யாரோ சொல்லப்போய், டீ மாஸ்டர் கண்ணாடி டம்ளர் போதாமல் பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பினார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் ஆக்சிஜன் வருகிறது. ஆக்சிஜன் என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான்தான். வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் தொழில் பழகினேன். பழைய இரும்புக் கடையில் எடைக்கு ஒரு ஆயில் இன்ஜினை வாங்கி, ஓட வைத்து, காட்டுக்காட்டுக்குத் தண்ணீர் இறைக்க வாடகைக்கு விட்டேன். அதில் வந்ததைக் கொண்டு கேஸ் கடை போட்டேன். இன்றைக்குச் சேத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வரைக்கும் எந்தப் பட்டறையில் நெருப்பு எரிந்தாலும் அது என் காற்றில் எரிகிற நெருப்பு. ஆஸ்பத்திரிகளுக்கும் என் சிலிண்டர்தான். எத்தனையோ பேர் அதில் பிழைத்திருக்கிறார்கள். ஒருவரும் வந்து நன்றி சொன்னதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. அந்த முதல் இன்ஜின் பச்சைப் பெயிண்டோடு கடை வாசலில் நிற்கிறது. ஆயுத பூஜைக்கு மட்டுமல்ல, வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மாலை உண்டு.

அப்படிப்பட்ட கடைக்கு ஒரு நாள் இவன் வந்தான். ஒல்லி. காது இரண்டும் முகத்தை விட ஒரு சைஸ் பெரிது. இடது கையில் இட்லி அகலத்துக்கு ஒரு வாட்ச்.

"அண்ணாச்சி, ஆக்சிஜன் வேணும்."

"வெல்டிங்குக்கா, ஆஸ்பத்திரிக்கா?"

"மூச்சு விடுறதுக்கு."

"யாருக்குய்யா முடியல?"

"எனக்குத்தான். நல்லாத்தான் இருக்கேன்."

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ஆள் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்தமான் கடலில், பார்க்க வருகிறவர்களை ஆழத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மீனைக் காட்டிவிட்டுப் பத்திரமாக மேலே கொண்டுவந்து சேர்க்கிற உத்தியோகம். அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் என்று ஊருக்கு வந்தவன், அவள் எழுந்து நடக்கிறவரை இங்கே இருக்க வேண்டியதாயிற்று. சும்மா இருப்பானேன் என்று கிணறுகளில் விழுந்த மோட்டார்களை முங்கி எடுக்க ஆரம்பித்தான். கிணற்றில் மோட்டார் விழுவது எங்கள் பக்கத்தில் கல்யாணத்தில் அப்பளம் உடைகிற மாதிரி. தொழில் சூடு பிடித்தது.

மற்ற முங்குகிற ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். இவன் சிலிண்டரோடு இறங்குவான். அதிலும் சாதாக் காற்று அவனுக்கு ஆகாது. சாதாக் காற்றில் நூற்றுக்கு இருபத்தொன்றுதான் ஆக்சிஜனாம். அதில் என் ஆக்சிஜனைக் கலந்து முப்பத்திரண்டு ஆக்குவான். அப்படி ஆக்கினால், ரத்தத்தில் ஊறி வம்பு பண்ணுகிற நைட்ரஜன் குறையும், அடியில் கூடுதல் நேரம் நிற்கலாம் என்றான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கொடுக்கிறதில் குறை வைத்துப் பழக்கமில்லாதவன் நான்.

"எதுக்குய்யா முப்பத்திரெண்டு? நான் நூறு தாரேன். புல்லா அடிச்சுக்கிட்டுப் போ."

"நூறைக் கட்டிக்கிட்டுக் கீழ போனா நான் திரும்பி வர மாட்டேன், அண்ணாச்சி."

"ஏலே, ஆக்சிஜன் உயிருடா!"

"மேல இருக்குறவரைக்கும் உயிரு. ஆழம் கூடக் கூட, தண்ணி அமுக்க அமுக்க, அதுவே விசம். வலிப்பு வந்துரும். சொல்லிட்டு வராது. வாயில இருக்குற குழாய் நழுவுச்சுன்னா அம்புட்டுத்தான்."

"நல்ல பொருள் எப்படிய்யா விசமாகும்?"

"பால்கோவாவுக்குச் சீனி வேணும்தான? அதுக்காகச் சீனிய மட்டும் சட்டியில போட்டுக் கிண்டுனா?"

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனிடம் பால்கோவா விஷயத்தில் வாதாடுவது வீண். முப்பத்திரண்டுக்கு உள்ளதை மட்டும் கொடுத்தனுப்பினேன். ஆனாலும் அவன் கடைக்கு வரும்போதெல்லாம், நாலு பேர் முன்னால், "வேணும்னா சொல்லு, நூறு அடிச்சுத் தாரேன்" என்பேன். அது என் உபசாரம். பிற்பாடு அது என் தலைக்கே வந்தது.

கையில் இருந்தது வாட்ச் இல்லை. வாட்ச் என்றால் அவனுக்குக் கோபம் வரும். அதன் பெயர் டைவ் கம்ப்யூட்டர். எவ்வளவு ஆழம், இன்னும் எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் ஏறலாம் என்று அதுதான் சொல்லும். ஒரு தடவை கிருஷ்ணன்கோவில் போகிற பஸ்ஸில் ஒரு பெரியவர் அவனிடம் மணி கேட்டிருக்கிறார்.

"மணி தெரியாது தாத்தா. நான் தண்ணிய விட்டு வெளிய வந்து பத்தொம்போது மணி நேரமாச்சு."

பெரியவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாராம்.

அவன் கூட்டாளி ஒருவனுக்குக் கல்யாணம். ரிசப்ஷன் போட்டோவுக்கு அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொள்ளக் கேட்டான் மாப்பிள்ளை. இவன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தான், மோதிரத்தையும் கொடுத்தான், கம்ப்யூட்டரைக் கொடுக்கவில்லை.

"என் உடம்புக்குள்ள ஊறியிருக்குறதுக்கு இது கணக்கு வச்சிருக்குடா. ஒருத்தன் கணக்க இன்னொருத்தன் கையில கட்டக் கூடாது."

"நான் மேடையிலதானலே நிக்கப் போறேன்? கெணத்துலயா?"

"கல்யாணத்துக்கு முந்தி அம்புட்டுப் பேரும் அப்பிடித்தான் சொல்லுதாக."

மழை நின்ற மாதத்தில் நாங்கள் குடும்பத்தோடு அய்யனார் கோவில் அருவிக்குப் போனபோது அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். மலை அடிவாரத்தில் செக்போஸ்ட் வந்ததும் இறங்கிவிட்டான். காலையில்தான் ஒரு கிணற்றில் ஆழமாக முங்கியிருந்தானாம். முங்கின அன்றைக்கே உயரமான இடத்துக்கு ஏறக் கூடாதாம்.

"அண்ணாச்சி, கோவில் எம்புட்டு ஒசரம்?"

"பத்து நிமிசம் நடக்கணும்."

"அது தூரம். ஒசரம் எம்புட்டு?"

அய்யனாரிடம் யாரும் இதுவரை கேட்காத கேள்வி. பதில் கிடைக்காததால் அவன் செக்போஸ்டிலேயே உட்கார்ந்துவிட்டான். நாங்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோது, பத்துப் பேருக்கு என்று கட்டிக்கொண்டு போன புளியோதரைத் தூக்குவாளி சுத்தமாக இருந்தது. கழுவியும் வைத்திருந்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வ. புதுப்பட்டியில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். தங்கமான மனுஷர். அவர் வேலை பார்த்த காலத்தில், முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று என்று எடுத்த ஒரு பிள்ளையைக்கூட ஃபெயில் ஆக்கியதில்லை. சட்டைப் பையில் எப்போதும் சிவப்பு மைப் பேனா. கிரேஸ் மார்க் என்று அது இரண்டை ஐந்தாக்கும், கீழே ஒரு கையெழுத்தும் போடும். அவர் எனக்கு வாத்தியாராக வாய்த்திருந்தால் நான் கலெக்டர் ஆகியிருப்பேன். கேஸ் கடைக்கு அது நஷ்டம்.

அவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டிருந்தாள் முத்துப்பேச்சி. தை மாசம். பயிர் பால் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் கதிர் முழுக்கப் பதர்தான், வைக்கோல்தான் மிஞ்சும். மழை நல்ல மழையாகப் பெய்து கிணறு விளிம்பு வரை ததும்பி நின்றது. ஆனால் மோட்டார் கட்டின கயிறு அறுந்து மோட்டார் அடியில் போய்ப் படுத்துவிட்டது. அந்தக் கிணறு ஹெட்மாஸ்டரின் தகப்பனார் காலத்திலிருந்து ஒவ்வொரு வறட்சிக்கும் தோண்டித் தோண்டி ஆழப்படுத்தியது. நூறு அடி என்று பேர். ஊரில் முங்குகிற ஆட்கள் இரண்டு பேர் இறங்கிப் பார்த்து, காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கண்ணெதிரே தண்ணீர், காலடியில் காய்கிற பயிர். முத்துப்பேச்சி வரப்புக்கும் கிணற்றுக்கும் நடந்து நடந்து பாதையே போட்டுவிட்டாள்.

ஒரு காரியம் முடியவில்லையென்றால் என்னிடம் வருவது இந்தப் பக்கத்து வழக்கம். ஹெட்மாஸ்டரும் வந்தார். நான் முப்பத்திரெண்டுக்குப் போன் போட்டேன்.

அவன் வீட்டில் இரண்டு சிலிண்டர் நிரப்பி, ஆக்சிஜன் மீட்டர் வைத்து அளந்து, வெள்ளைப் பிளாஸ்திரியில் '32, 110 அடி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டி, சாயங்காலமே என் கடையில் கொண்டுவந்து வைத்தான். காலையில் என் வேனில் போவதாக ஏற்பாடு. பேசி முடிக்க ஹெட்மாஸ்டரும் அன்றைக்குக் கடைக்கு வந்திருந்தார். நான் போனில் இருந்தேன். அவர் மூலையில் நின்ற சிலிண்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மறுநாள் கிணற்று மேட்டில் சாமான்களை இறக்கினோம். முப்பத்திரெண்டு சிலிண்டர் அருகே குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

பிளாஸ்திரியில் முப்பத்தைந்து. சிவப்பு மை. கீழே ஒரு கையெழுத்து.

"இது யாரு?"

ஹெட்மாஸ்டர் கூச்சத்தோடு சிரித்தார். "நான்தாம்ப்பா. மூணு மார்க்ல போகுதேன்னு மனசு கேக்கல. கை தானா போட்டுருச்சு."

"சார், முப்பத்திரெண்டுன்னா நூத்திப் பத்து அடி போகலாம். முப்பத்தஞ்சுன்னா நூறு அடிகூடப் போகக் கூடாது. நீங்க குடுத்த மூணு மார்க்குல எனக்குப் பன்னெண்டு அடி போச்சு."

ஹெட்மாஸ்டரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாஸ் போட்டால் கீழே இறங்க முடியாது, ஃபெயிலாக இருந்தால்தான் ஆழமாகப் போகலாம் என்கிற ஒரு பரீட்சையை அவர் தம் சர்வீஸில் கேள்விப்பட்டதில்லை.

"அதான் சார் ஒத்துக்கிட்டாகள்ல? அழிச்சிட்டு எறங்கு" என்றேன் நான்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "மைய அவுக ஒத்துக்கிட்டாக. காத்த யாரு ஒத்துக்கிடுவாக?"

"என்னலே சொல்லுத?"

"சிலிண்டர் நிண்டது உங்க கடையில. நூறு அடிச்சுத் தாரேன், நூறு அடிச்சுத் தாரேன்னு பாக்குறப்பல்லாம் சொன்னது நீங்க. பேப்பர்ல மூணு போட ஒருத்தருக்கு எரக்கம் வந்தா, உள்ள முப்பது போட இன்னொருத்தருக்கு வந்திருக்காதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் கடையில் என் உத்தரவில்லாமல் ஒரு மூச்சுக் காற்றுகூட இடம் மாறாது. அதைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அவன் சிலிண்டரைப் படுக்கப்போட்டு, பக்கத்திலேயே வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டான்.

"அளந்து பாத்துட்டு எறங்குதேன். மீட்டர் வீட்டுல இருக்கு."

"கையில இம்மாம் பெரிய கம்ப்யூட்டர் கட்டியிருக்கியே, அது சொல்லாதா?" என்றாள் முத்துப்பேச்சி.

"அது மோந்து பாக்காதுக்கா. உள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. முப்பத்திரெண்டுன்னு நான் சொன்னா முப்பத்திரெண்டுன்னு நம்பும். நம்புறவுக கிட்டப் பொய் சொல்லக் கூடாது."

"கெணத்துல எறங்கச் சொன்னா பஞ்சாங்கம் பாக்கானே! ஏய்யா, பயிரு அங்க செத்துக்கிட்டு இருக்கு!"

"பயிரு சாயந்தரம் வரைக்கும் தாங்கும்க்கா. நான் தாங்க மாட்டேன்."

வேறு வழியில்லாமல் நானே வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அவன் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். மீட்டரை ஒரு பழைய துண்டில் சுற்றி, குழந்தையைக் கொடுக்கிற மாதிரி என் கையில் கொடுத்தாள்.

"கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. எனக்கு மாத்திர குடுக்கையிலயும் அட்டைய மூணு தடவ திருப்பிப் பாப்பான். அவுக அப்பாவுக்கு மருந்து மாத்திக் குடுத்துப்போட்டாக. அப்ப இருந்து இப்பிடித்தான்."

திரும்பி வரும்போது வண்டியை நான் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓட்டினேன். மீட்டர் அதிரக் கூடாது என்பதற்காக.

அவன் அளந்தான். சிலிண்டரை லேசாகத் திறந்து, காற்று சன்னமாக வர, எண் ஓடி ஓடி நிற்கிறவரை காத்திருந்தான். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். முப்பத்திரண்டு. இரண்டாவது சிலிண்டரும் முப்பத்திரண்டு.

"பாத்தியா!" என்றேன். "இம்புட்டு நேரமும் வீண்."

"சரியா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டது எப்பிடி அண்ணாச்சி வீணாகும்?"

பிறகு கம்ப்யூட்டரை அமுக்கிப் பார்த்தான். அது தானாக இருபத்தொன்றுக்குப் போய் நின்றிருந்தது. பழைய மாடல், ராத்திரி தாண்டினால் முந்தின நாள் சொன்னதை மறந்துவிடுமாம். அதற்கு மறுபடியும் முப்பத்திரண்டு என்று சொல்லிக் கொடுத்து, இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டான். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்தான். நான் கையை நீட்டினேன். முத்துப்பேச்சியிடம் கொடுத்தான்.

"ஏன்யா, நான் பிடிக்க மாட்டனா?"

"நீங்க பேசிக்கிட்டே இருப்பீக அண்ணாச்சி. அக்கா என் மேல கோவத்துல இருக்கு. கண்ணெடுக்காது."

இறங்கினான். குமிழி குமிழியாக வந்தது. நேரம் போனது. பிறகு குமிழிகள் பெரிசாகி, ஆள் நிழல் மாதிரித் தெரிந்தான். ஆனால் மேலே வரவில்லை. பதினைந்தடிக்குக் கீழே, சுவரில் ஒட்டின பல்லி மாதிரி அசையாமல் நின்றான்.

"மாட்டிக்கிட்டானா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"மேல நான் நிக்கேன்ல, அதான் வரப் பயப்படுதான்" என்றாள் முத்துப்பேச்சி.

ஊறின நைட்ரஜன் வெளியேற, ஏறும்போது அங்கே மூன்று நிமிஷம் நின்று வருவது அவன் தொழிலில் மரியாதையாம். நின்று, வந்து, வாயிலிருந்த குழாயை எடுத்தான். கையில் ஒன்றும் இல்லை.

"மோட்டார் கெடக்கு. பாத்துட்டேன். அடியில ஒரு மூலையில குழி இருக்கு சார், அதுக்குள்ள கெடக்கு. நூத்திப் பதிமூணு."

"கட்டுனியா?"

"நூத்திப் பத்துல கம்ப்யூட்டர் கத்திருச்சு. வந்துட்டேன்."

கிணற்று மேட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினோம். மூணடி! கையை நீட்டினால் எட்டுகிற மூணடி! கண்ணால் பார்த்த மோட்டாரை விட்டுவிட்டு வந்திருக்கிறான்! முத்துப்பேச்சி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் என் ஆயுளில் இப்படி ஒரு வேலைக்காரனைப் பார்த்ததில்லை என்றேன்.

ஹெட்மாஸ்டர்தான் கெஞ்சினார்: "மூணடிதானப்பா. ஒரு மூணடி கிரேஸ் போடக் கூடாதா?"

"பரீட்சையில போடலாம் சார். ஃபெயிலானா அடுத்த வருசம் எழுதிக்கிடலாம். தண்ணிக்குள்ள கிரேஸ் மார்க் கிடையாது."

சாதாக் காற்று அடித்துக்கொண்டு வந்தால் அந்த ஆழம் போகலாம் என்றும் அவனே சொன்னான். ஆனால் வீட்டில் காற்று அடைக்கிற கம்ப்ரசர், நேற்று இந்த இரண்டையும் நிரப்பி முடித்ததோடு பெல்ட் அறுந்து கிடக்கிறது. மதுரையிலிருந்து வர இரண்டு நாளாகும். இரண்டு நாளில் நெல் பதராகிவிடும். முத்துப்பேச்சி கிணற்றைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏய்யா, உன்னால மூணடி கீழ போக முடியாது. சரி. தண்ணி மூணடி கீழ எறங்குனா?"

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். கிணற்றைப் பார்த்தான். முதல்முறையாக அவன் வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"நடக்கும்க்கா. தலைக்கு மேல எம்புட்டுத் தண்ணின்னுதான் இதுக்குக் கணக்கு. ஒரு ஆறடி எறக்கிட்டா நான் தாராளமாப் போவேன்." பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "கடல்ல இது தோணாது" என்றான்.

எதை வைத்து இறைப்பது? அக்கம்பக்கத்தில் எல்லாம் கரண்டு மோட்டார். ஒவ்வொன்றும் அதனதன் கிணற்றுக்குள் தொங்குகிறது. வெளியே எடுத்தால் திரும்ப இறக்கும்போது தன்னுடையதும் விழுந்துவிடும் என்று ஒருவரும் தரவில்லை. ஆயில் இன்ஜின்களை என்றைக்கோ பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது என் முதல் சொத்து" என்றேன்.

"மாலை போட்டு வச்சிருக்கீகளே மொதலாளி," என்றாள் முத்துப்பேச்சி, "அது ஓடுமா, இல்ல படந்தானா?"

இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்? வேன் போய் இன்ஜினோடு வந்தது. மாலையை நானே கழற்றினேன். கைப்பிடியை நானே போட்டுச் சுற்றினேன். ஒரே சுற்றில் பிடித்தது என்று எழுத ஆசைதான். ஆனால் முத்துப்பேச்சி இதை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பாள். நாலாவது சுற்று. கரும்புகையைக் கக்கிக்கொண்டு தட்தட்டென்று ஓட ஆரம்பித்ததும், என் வயசில் ஒரு முப்பது குறைந்தது.

குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து வாய்க்காலில் விழுந்தது. வாய்க்காலில் விழுந்த தண்ணீர் எங்கே போகும்? வயலுக்குத்தான் போனது. வெடித்துக் கிடந்த மண் உஸ்ஸென்று குடித்தது. முத்துப்பேச்சி மண்வெட்டியோடு மடை திறக்க ஓடினாள். அவள் முகம் நனைந்திருந்தது; தண்ணீர் தெறித்திருக்கும்.

"இத முதல்லயே செஞ்சிருக்கலாமே அண்ணாச்சி?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"செஞ்சிருக்கலாம் சார்" என்றேன். நாங்கள் அத்தனை பேரும் கிணற்றின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேல் தண்ணீரை யார் பார்த்தது?

முப்பத்திரெண்டு மட்டும் ஒன்றும் செய்யாமல் வேப்பமரத்தடியில் மல்லாந்து கிடந்தான். வேலை செய்யலாமே என்றேன்.

"செஞ்சுக்கிட்டுத்தான அண்ணாச்சி இருக்கேன். ஊறுனது வெளிய போவணும்ல?"

தண்ணீர் சுவரில் ஈரக்கோடு விட்டு ஆறடி இறங்கியதும் இன்ஜினை நிறுத்தச் சொன்னான். புகை கலைகிறவரை காத்திருந்தான். இரண்டாவது சிலிண்டரை மறுபடியும் அளந்தான். "இப்பத்தானலே அளந்த?" என்று கேட்கலாமென்று வாயெடுத்தேன். வேண்டாமென்று விட்டுவிட்டேன். கம்ப்யூட்டரில் எண்ணைப் பார்த்தான். கயிற்றை முத்துப்பேச்சியிடம் கொடுத்தான்.

இந்தத் தடவை அவள் ஒன்றும் திட்டவில்லை. கயிறு அசைகிறபோதெல்லாம் அவள் உதடு அசைந்தது. ஹெட்மாஸ்டர் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து மூடியை இறுக்கிக்கொண்டே இருந்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டுமானால் அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

அவன் வந்து பதினைந்தடியில் நின்றான். அந்த மூன்று நிமிஷம் மாதிரி நீளமான மூன்று நிமிஷம் நான் கண்டதில்லை. பிறகு தலையைத் தூக்கி, குழாயை எடுத்துவிட்டுச் சொன்னான்: "கட்டியாச்சு. இழுங்க. நூத்தி ஏழு."

மோட்டார் வந்தது. நெல்லும் வந்தது. அறுத்ததும் முத்துப்பேச்சி அவன் வீட்டுக்கு அரிசி மூட்டையைத் தானே சுமந்துகொண்டு போனாள். அவன் அதையும் எடை போட்டுப் பார்த்தான் என்று கேள்வி. அம்மா வாக்கர் இல்லாமல் வாசல் வரை வந்து வழியனுப்பிய அன்றைக்கு அவன் அந்தமானுக்குக் கிளம்பினான். ரயிலேற்ற நான்தான் போனேன். இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வான் என்று பார்த்தேன். "அண்ணாச்சி, புகைக்குழாய்ல ஓட்டை இருக்கு, பாருங்க" என்றான்.

இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவான். நலம் விசாரிப்பதெல்லாம் எங்களுக்குள் இல்லை.

"இன்னைக்கு எத்தனை?" என்பேன்.

"முப்பத்திரெண்டு, அண்ணாச்சி."

"அளந்தியா?"

"அளந்தேன்."

"சரி, வைக்கேன்."

மார்கழியில் ஆண்டாள் கோவிலுக்குப் போகும்போது எனக்கென்று கேட்க ஒன்றும் இருப்பதில்லை. வேண்டியதையெல்லாம் நானே சம்பாதித்துக்கொண்டவன் நான். அவன் முங்குகிற கடற்கரைப் பக்கம் இரக்கமுள்ள ஹெட்மாஸ்டர் ஒருவரும் குடிவந்துவிடக் கூடாது என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறேன்.